வேலை தேடுவோரும் நாமும்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் நம் பங்குக் கோவிலில் ஒரு காட்சியைக் கண்டு உள்ளூர மகிழ்ந்து வந்தோம். காலைத் திருப்பலி முடிந்து, கோவில்பிள்ளை பெருக்கித் துடைத்துவிட்டுப் போன பிறகு, பத்தரை மணியளவில் ஒருவர் வந்து பின்வரிசையில், அந்தோணியார் சுரூபத்தின் அருகே அமர்வார். நாற்பத்தேழு வயதிருக்கும். பக்கத்தில் ஒரு துணிப்பை. அதனுள் சோற்றுப் பாத்திரம். நண்பகல் மணி அடிக்கும் வரை அசையாமல் இருப்பார். பிறகு வேப்பமரத்தடியில் உண்டுவிட்டு மீண்டும் உள்ளே வருவார். மாலை ஐந்து மணிக்கு எழுந்து போவார். "தவக்காலம் ஓர் ஆன்மாவைத் தொட்டுவிட்டது" என்று எண்ணினோம். அதோடு நின்றோமா? ஒரு ஞாயிறு மறையுரையில், பெயர் குறிப்பிடாமல் அவரையே பக்திக்கு எடுத்துக்காட்டாகவும் காட்டிவிட்டோம். அவரும் தம் மனைவி மக்களோடு அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புனித வாரத்துச் செவ்வாயன்று அவர் பங்குமனைக்கு வந்தார். "பாவசங்கீர்த்தனம் இல்லீங்க சாமி. ஒரு சங்கதி பேசோணுமுங்க" என்றார். அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த நூற்பாலையில் தை மாதக் கடைசியில் ஆட்குறைப்புச் செய்து விட்டனர். மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டனர். இந்தச் செய்தி அவரது மனைவிக்குத் தெரியாது. மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. "வூட்டுல சொன்னா, புள்ளை படிப்ப நிறுத்திப்போடுவாளுங்க. அதான் எப்பவும் போலச் சோத்தைக் கட்டிக்கிட்டு கெளம்பி வந்துடறனுங்க. போக எடம் இல்லீங்க சாமி. காந்திபுரத்துல உக்காந்தா யாராச்சும் பாத்துப்போடுவாங்க."

நாம் பக்தி என்று கண்டது ஒளிந்திருத்தல்! பல ஆண்டு மேய்ப்புப் பணியில் நாம் நாணித் தலைகுனிந்த வேளைகளுள் இதுவும் ஒன்று. அவரது இசைவைப் பெற்றே இதனை எழுதுகின்றோம்; பெயரும் ஊரும் ஆலையும் வேண்டா.

மகனுக்கு மட்டும் செய்தி தெரிந்திருந்தது. அவன் தந்தையின் விவரங்களைக் கைப்பேசியில் தட்டெழுதி, நௌக்ரி, இண்டீட், லிங்க்ட்இன் ஆகிய மூன்று தளங்களிலும் பதிவேற்றியிருந்தான். இரண்டு மாதத்தில் அறுபதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. திரும்பி வந்தவை மூன்றே. ஒன்று, காப்பீட்டு முகவராகச் சேருமாறு அழைப்பு. இரண்டாவது, பெங்களூரில் இரவுக் காவல். மூன்றாவது, "பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் அனுப்பினால் நேர்முகத் தேர்வு உறுதி" என்று இனிக்க இனிக்கப் பேசிய ஒரு பெண்குரல். அந்தத் தொகையை அவர் அனுப்பியும் விட்டார். அந்த எண் அதன்பின் ஒலிக்கவே இல்லை.

இணையத்தளங்களை நாம் இகழவில்லை. நௌக்ரி 1997-இலும் லிங்க்ட்இன் 2003-இலும் தொடங்கின. நம் பங்கிலிருந்து கீரணத்தம் கணினி நிறுவனங்களுக்குப் பணிக்குச் செல்லும் பிள்ளைகளில் பலர் அவ்வழியேதான் சென்றனர். ஆயினும் அத்தளங்களில் ஆள் தேடுவோர் சில சொற்களைக் கொடுத்துத் தேடுகின்றனர். அந்தச் சொல் உம் தாளில் இல்லையென்றால் நீர் அங்கே இல்லை. ஒரு தொழிலின் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தால் அதனைச் செய்பவர் எளிதில் அகப்படுவார். நம் நண்பரோ ஆலையில் "பிட்டர்" எனப் பெயர் பெற்றவர். மெய்யாக அவர் செய்துவந்தது என்ன? ஆலைக் கூடத்தில் நூல் அறாதிருக்க ஈரக்காற்றைச் செலுத்தும் பெரும் விசிறிகள், நீர் தெளிக்கும் குழாய் முனைகள், பம்புகள், வடிகட்டிகள், காற்றழுத்த இயந்திரங்கள் ஆகிய அனைத்தையும் இரவு பகலாகப் பழுதின்றி ஓடச் செய்தல். இவ்வளவும் "பிட்டர், 22 ஆண்டு" என்ற ஒற்றை வரியில் மறைந்துபோயிற்று.

இன்னொன்றும் உண்டு. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ வட்டாரங்களில் பத்துப் பதினைந்து பேரை வைத்து லேத்துப் பட்டறையும் மோட்டார் பம்பு உதிரிபாகத் தொழிலும் நடத்தும் முதலாளிகள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேர் கட்டணம் செலுத்தி இணையத்தில் விளம்பரம் செய்வர்? ஆள் வேண்டுமென்றால் போர்மேனிடம் சொல்வர். டூல்ஸ் விற்க வருபவரிடம் சொல்வர். மிஞ்சினால் வாசலில் "டர்னர் தேவை" என்று ஒரு அட்டையைத் தொங்கவிடுவர். திருப்பூரில் இதனைக் கண்கூடாகக் காணலாம். மின்கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டியிருக்கும் "டெய்லர் தேவை, ஓவர்லாக் தேவை, செக்கிங் தேவை" என்னும் சீட்டுகளே அந்நகரத்தின் மெய்யான வேலைவாய்ப்புப் பத்திரிகை.

ஆலை வாசல் முதல் வேலைவாய்ப்பகம் வரை

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலாவது நூற்பாலையை நிறுவிய ஆண்டு 1888. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அந்நாளில் விண்ணப்பம் என்று ஒன்று கிடையாது. மேஸ்திரி தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வருவார். மற்றவர் ஷிப்ட் மாறும் வேளையில் வாசலில் நிற்பர். வராதவருக்குப் பதிலாக ஒருநாள் வேலை கிடைக்கும். பதிலியாக நுழைந்து பல்லாண்டு காத்திருந்து நிரந்தரமானவர்கள் நம் பங்கின் முதியோரில் இன்றும் உளர். அம்முறையில் மேஸ்திரிக்குக் கையூட்டும் சாதிப் பாசமும் மலிந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

அந்தப் பழமையான ஸ்டேன்ஸ் மில் பின்னர் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையில் வந்தது. பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் ஆலைகளும் அவ்வாறே. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின்போது நின்ற அவ்வியந்திரங்கள் அதன்பின் முழு அளவில் ஓடவே இல்லை. பதிலியாய் நிற்பதற்கும் வாசல் இல்லாமற் போயிற்று.

அரசு வேலைவாய்ப்பகங்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர் ஊர் திரும்பியபோது, அவர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-இல் தொடங்கப்பெற்றவை அவை. 1948-இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. நம் தலைமுறையினர் பள்ளி முடித்ததும் முதற்காரியமாக அங்கே சென்று பதிவு செய்து, அந்த அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்போம். நாமும் பதினேழு வயதில் பதிந்தோம். குருமடம் சென்றுவிட்டமையால் புதுப்பிக்கவில்லை. (அட்டை மட்டும் இன்னும் இருக்கிறது.) 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பகம் அனுப்பும் பெயர்களோடு நின்றுவிடாமல் பொது விளம்பரமும் செய்து ஆள் எடுத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் பதிவு மூப்பின் மதிப்பு குன்றிற்று. ஆயினும் அந்த அலுவலகத்தை மறந்துவிடுதல் தவறு. இன்று அது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். தனியார் நிறுவனங்களை அழைத்து அங்கே சிறு முகாம்கள் நடத்துகின்றனர். போட்டித் தேர்வுக்குப் பயிலும் வட்டம் உண்டு. தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்தில் கட்டணமின்றிப் பதியலாம். பதிந்து ஐந்தாண்டு நிறைந்தும் வேலை கிட்டாத தகுதியுள்ளோர்க்குப் பத்தாம் வகுப்புத் தேறியவராயின் மாதம் 300 ரூபாயும், பட்டதாரியாயின் 600 ரூபாயும் உதவித்தொகை என்பது அரசின் திட்டம். தொகை சிறிதே; எனினும் அதற்கு உரியவர் பலர் நம் வீடுகளில் இருந்தும் கேட்காமலிருக்கின்றனர்.

நம் கடிதம் செய்யாததைச் செய்த சந்திப்பு

மீண்டும் நம் நண்பரிடம் வருவோம். அவர் நம்மிடம் கேட்டது ஒரு கடிதம். பங்குத்தந்தையின் கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் எந்தக் கதவையும் திறக்கும் என்று நம் மக்கள் இன்றும் நம்புகின்றனர். நாமும், "இவர் நற்குணமுடைய கத்தோலிக்கர், இவருக்கு ஆவன செய்ய வேண்டுகின்றோம்" என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு பள்ளிக்கும் இரு நிறுவனங்களுக்கும் அதனை எடுத்துச் சென்றார். மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டனர், அவ்வளவே. பின்னர் எண்ணிப் பார்க்கையில், அக்கடிதத்தில் அவர் நல்லவர் என்பது இருந்தது. அவருக்கு என்ன தெரியும் என்பது ஒரு வரியும் இல்லை. மேலும், காலியிடம் இல்லாத இடத்திற்கு அல்லவா அனுப்பியிருந்தோம்!

மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞரின் ஆய்வொன்று நினைவுக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் அது எவ்வாறு கிடைத்தது என வினவினார். பாதிக்கு மேற்பட்டோர், தெரிந்தவர் ஒருவர் மூலமாகவே என்றனர். வியப்பு இதில் இல்லை. அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கொரு முறை சந்திப்பீர் என்று அடுத்துக் கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றோர் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதேனும் காண்பவர் மூலம் பெற்றோர் 56 பேர். அரிதாகக் காண்பவர் மூலம் பெற்றோர் 28 பேர். 1973-இல் வெளியான அக்கட்டுரை கூறும் காரணம் எளிது. நம் உற்றார் உறவினர் நாம் அறிந்ததையே அறிவர். நாம் செல்லும் இடத்திற்கே செல்வர். எட்டத்தில் இருப்பவரே நாம் அறியாத செய்தியைக் கொண்டுவருவார். லிங்க்ட்இன் தளத்திலேயே ஐந்தாண்டுகள், இரண்டு கோடிப் பேரிடையே நடத்திய பெரும் ஆய்வு ஒன்று 2022-இல் வெளியாயிற்று. மிக நெருங்கியவரைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமுடையோரே வேலை மாற உதவுகின்றனர் என்று அதுவும் கண்டது.

பாரிஸ் அந்நிய மறைபோதக சபைக் குருக்களின் காலந்தொட்டு நம் மக்கள் வாசித்துவரும் வேதாகமத்திலும் இதற்கோர் உருவம் உண்டு. அப்போஸ்தலர் பணி நூலின் பதினெட்டாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். சின்னப்பர் தன்னந்தனியே கொரிந்து நகரை அடைகிறார். கையில் பொருளில்லை, அறிந்த முகமில்லை. அங்கே அக்குவிலாவையும் பிரிசில்லாவையும் சந்திக்கிறார். அவர்கள் பேரரசர் கிளவுதியுவின் ஆணையால் உரோமையிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள்; கூடாரம் செய்வோர். சின்னப்பருக்கும் அதுவே தொழில். ஆகவே அவர்களிடமே தங்கி உடனுழைத்தார். ஒரே தொழில் என்னும் மெல்லிய இழை ஒன்றுதான் முதலில் இருந்தது. சுவிசேஷப் பணி அப்பட்டறையிலிருந்தே அந்நகரில் வேர்விட்டது.

ஈஸ்டருக்குப் பின் ஒரு மாலை, அவரைப் பங்குமனைத் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு பழைய நாட்குறிப்பைக் கையில் கொடுத்தோம். இதற்குள் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அழுதது வேலை போனதற்காக அன்று, இரண்டு மாதம் தம்மிடம் மறைத்ததற்காக. படிப்பு நிறுத்தப்படவில்லை, தாலிக்கொடியிலிருந்த காசுகள் அடகுக்குச் சென்றன. தெரிந்தவர் பெயரையெல்லாம் எழுதும்படி கூறினோம். ஒன்பது பெயர்கள் எழுதினார். அண்ணன், மைத்துனர், சகலை, உடன் வேலை இழந்த நால்வர், ஞானத்தந்தை, பக்கத்து வீட்டார். "இவங்ககிட்டயெல்லாம் சொல்லிப்போட்டனுங்க சாமி."

"இருபத்திரண்டு வருடத்தில் ஆலைக்குள் வெளியாட்கள் யாருமே வரவில்லையா?" என்று கேட்டோம். சற்று யோசித்தார். பிறகுதான் எழுதலானார். பேரிங்கு விற்கும் கடைக்காரர். மோட்டார் ரீவைண்டிங் செய்பவர். கம்ப்ரசர் சர்வீஸுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை வருபவர். பெல்ட்டு ஏஜெண்டு. மின்வாரியத்திலிருந்து மீட்டர் சோதிக்க வந்தவர். முன்பு அதே ஆலையில் அப்ரெண்டிஸாக இருந்து, இவரிடம் வேலை கற்றுக்கொண்டு போன பையன்கள் நால்வர். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்திய ஆசிரியர். இருட்டும் முன் முப்பத்தொரு பெயர் ஆயிற்று.

இவர்களிடம் வேலை கேட்க வேண்டாம் என்று சொன்னோம். வேலை கேட்டால், இல்லாதவர் "இல்லை" என்று கூறிவிட்டு ஒதுங்குவார். மறுமுறை நம்மைக் கண்டால் தெருவின் மறுபுறம் நடப்பார். "நான் இன்ன இன்ன இயந்திரங்களைப் பார்த்து வந்தவன், இத்தகைய இயந்திரம் வேறெங்கே ஓடுகிறது, யாரைப் போய்ப் பார்க்கலாம்?" என்று கேட்டால் எவரும் பதில் கூறுவர், தமக்குத் தெரிந்ததைச் சொல்வதில் மனிதர்க்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா செய்யும் நாள். அன்று பட்டறைகளுக்குப் போகவேண்டா என்றும் சொன்னோம். இதனை அவரே நமக்குக் கற்பித்தார் என்பதே சரி.

பதினான்காவது பெயர் கம்ப்ரசர் சர்வீஸ்காரர். "அண்ணா, நீங்க பாத்தது ஏர் பிளாண்டுதானே? ஆஸ்பத்திரியில ஏ.சி. பிளாண்டும் அதே சாதிதான். ப்ளோயர், பம்ப்பு, பில்டர், டேம்பர் எல்லாம் ஒண்ணுதான். ஆபரேஷன் தியேட்டருக்குக் காத்து போறது நிக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றாராம். கோவை மருத்துவமனைகளின் நகரம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் பஞ்சாலைக்காரர் ஒருவர் அங்கே வேலை செய்யலாம் என்பது நமக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. சர்வீஸ்காரர் சென்றுவரும் ஒரு மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பராமரிப்பாளர் ஒருவர் வெளிநாடு செல்லவிருந்தார். விளம்பரம் இன்னும் வெளியாகவில்லை. பராமரிப்புப் பொறியாளர் நம்மவரை நேரில் அழைத்துப்போய், ஓடிக்கொண்டிருந்த ஒரு விசிறியைக் காட்டி, என்ன கோளாறு என்று கேட்டாராம். சத்தத்தை வைத்தே பேரிங்கு தேய்ந்திருப்பதைச் சொன்னார். விண்ணப்பத் தாளைப் பிறகுதான் கேட்டனர். ஆலையில் பெற்றதைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவு; இரவுப் பணி; நாற்பத்தேழு வயதில் இருபத்தெட்டு வயதுப் பொறியாளருக்குக் கீழே நிற்க வேண்டும். இவையெல்லாம் கசப்பே. மூன்று நாள் தயங்கிவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்.

எல்லோருக்கும் இவ்வாறு வாய்க்கும் என்று கூறமாட்டோம். அதே ஆலையிலிருந்து நீங்கிய வேறொருவருக்கு இதே முறையில் நாற்பது பேரைப் பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்.

பொறியியல் தொழிலில் இருப்போர்க்கு இன்னொரு வழி. கொடிசியா சங்கம் 1969 முதல் இயங்கிவருகிறது. அதன் வளாகத்தில் இன்டெக் போன்ற இயந்திரக் கண்காட்சிகள் நடக்கும். அங்கே ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் பெரும்பாலும் முதலாளி அல்லது விற்பனை மேலாளர். அலுவலக வாசலில் காவலரைத் தாண்ட முடியாத ஒருவர், அங்கே அவரோடு நேருக்கு நேர் பத்து நிமிடம் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். மாலை வேளையில் கூட்டம் குறைந்திருக்கையில் செல்வது நன்று.

பணம் கேட்பவர்

ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் இணையத்தில் வந்தாலும் சரி, வெள்ளைச் சட்டையணிந்து வீட்டுக்கு வந்தாலும் சரி, கதவைச் சாத்துங்கள். வெளிநாட்டு வேலைக்கு, பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க கட்டணத்திற்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்ட விதிகளின்படி 30,000 ரூபாயும் அதன்மீது வரியும் என வரம்பு வகுக்கப்பட்டது. ஆனால் நம் வீடுகளில் இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் பின்னர் நம்மிடம் வருகின்றனர். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் சிலர் மியன்மாரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டதும், மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. தெரிந்தவர் மூலம் வருவதெல்லாம் நல்லது என்பதும் இல்லை. மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் திருமணத் தொகை என்று ஆசைகாட்டி, தென்மாவட்டத்துக் கன்னிப் பெண்களைக் கொங்கு நாட்டு ஆலை விடுதிகளுக்குக் கொண்டுவந்த "சுமங்கலித் திட்டத்தின்" தரகர்கள் அனைவரும் அந்தந்த ஊரில் தெரிந்த முகங்களே.

தொன் போஸ்கோ அடிகளார் இவ்வகையில் செய்ததை நாம் கருத்தில் கொள்ளல் தகும். கிராமங்களிலிருந்து தூரின் நகருக்கு வேலை தேடி வந்த சிறுவரை அவர் வெறுமனே பட்டறைகளில் சேர்த்துவிடவில்லை. முதலாளியோடு முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினார். 1852 பிப்ரவரியில் ஒரு தச்சுப் பட்டறைக்காக எழுதிய ஒப்பந்தம் இன்றும் உள்ளது. பையனைத் தொழில் தவிர வீட்டு வேலைக்கு ஏவலாகாது, சொல்லால் திருத்தலாமேயன்றி அடிக்கலாகாது, திருநாளில் ஓய்வு தரல் வேண்டும் என அக்கால ஒப்பந்தங்களில் அவர் வரையறுத்தார். நாமோ பரிந்துரைத்த பிறகு அந்தப் பிள்ளை அங்கே என்ன ஆனான் என்று ஒருநாளும் கேட்பதில்லை.

யாரையும் தெரியாதவர்

இத்தனையும் எழுதிய பிறகு மனம் ஓரிடத்தில் உறுத்துகிறது. தெரிந்தவர் மூலம் வேலை எனில், தெரிந்தவரே இல்லாதவர் என் செய்வார்? காலனியில் பிறந்து, தந்தையும் பாட்டனும் தோட்டக்கூலிகளாயிருந்த ஓர் இளைஞனிடம் அந்த நாட்குறிப்பைக் கொடுத்தால் என்ன எழுதுவான்? கொங்கு நாட்டில் தொழில் வளர்ந்ததற்கு உறவுமுறைக் கட்டுமானம் ஒரு பெருங்காரணம் என்பர், உண்மையே. அதே கட்டு, வெளியே நிற்பவருக்குச் சுவர். சரி, பொது விளம்பரமாவது நீதி செய்கிறதா? தோராட், அட்வெல் என்னும் இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். மேற்சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் குறைவான அழைப்புகளே வந்தன. ஆக, இரண்டு வாசல்களிலும் ஒரே காவலன்.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி விடுத்த "லபோரெம் எக்செர்சென்ஸ்" சுற்றுமடலில், நேரே கூலி தரும் முதலாளியோடு மறைமுக முதலாளி என ஒருவரையும் குறிக்கிறார். வேலை கிடைப்பதையும் கிடையாமற் போவதையும் பின்னின்று உருவாக்கும் அரசும் அமைப்புகளுமே அவர். பங்குச் சமூகத்தையும் அக்கூட்டத்தில் சேர்க்கலாமா என்று இறையியலார் வாதிடட்டும். நம் ஞாயிறு திருப்பலியில் பட்டறை முதலாளியும், வங்கி மேலாளரும், பள்ளி ஆசிரியையும், செவிலியரும், சாயப்பட்டறைத் தொழிலாளியும் ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்கின்றனர்; வெளியே வந்ததும் அவரவர் வண்டியில் ஏறிவிடுகின்றனர். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. யாரையும் தெரியாத அந்த இளைஞனுக்கு முப்பத்தொரு பெயரல்ல, முந்நூறு பெயர் அங்கே இருக்கிறது. அறிமுகம் செய்து வைப்பவரே இல்லை.

ஆகவே சென்ற ஆனி மாதம் அன்பியப் பொறுப்பாளர்களைக் கூட்டி ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு, இரண்டாவது திருப்பலிக்குப் பின், வேப்பமரத்தடியில் ஒரு மேசை. வேலை தேடுவோர் தம் பெயரை அன்று, தாம் செய்யத் தெரிந்ததை எழுதித் தருவர். பிற சமயத்தாரும் வரலாம்; வருகின்றனர். தம் தொழிலிடத்தில் ஆள் தேவை என்று அறிந்தோர் ஒரு சீட்டு எழுதிக் கோவில் முகப்பிலுள்ள பலகையில் குத்துவர். சீட்டில் ஊதியமும் வேலை நேரமும் எழுதப்படாவிட்டால் குத்த விடுவதில்லை. இதில் மட்டும் நாம் பிடிவாதமாக இருக்கின்றோம். இதனால் சில முதலாளிகளுக்கு நம்மீது வருத்தம். சேர்ந்தவரிடம் மூன்று மாதம் கழித்து அன்பியத்தார் போய் நலம் விசாரிப்பர். இன்றுவரை பதினொருவர் வேலையில் அமர்ந்துள்ளனர். இருவர் ஒரு வாரத்திலேயே ஓடி வந்துவிட்டனர். ஒருவரிடம் ஓவர்டைம் கூலி தரவில்லை என அறிந்து வின்சென்ட் தே பவுல் சபைத் தலைவர் நேரில் சென்று பேசி வாங்கித் தந்தார். அக்காலனி இளைஞன் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறான். அழைத்துச் சென்றவர் நம் மருத்துவமனை நண்பர்.

அவர் இப்போதும் பத்தரை மணிக்குக் கோவிலுக்கு வருவதுண்டு, இரவு ஷிப்ட் முடிந்து வீடு செல்லும் வழியில். பின்வரிசையில் அமர்ந்தால் பெரும்பாலும் உறங்கிவிடுகிறார். கோவில்பிள்ளை எழுப்பப் போனார், வேண்டாமென்று தடுத்தோம்.

இதனை எழுதும் இன்று பலகையில் மூன்று சீட்டுகள் இருக்கின்றன. மருத்துவமனை லாண்டரிக்கு ஆள் ஒருவர், மாதம் 14,000, பகல் ஷிப்ட். சோமனூரில் விசைத்தறிக்குக் கோன் வைண்டிங் தெரிந்த பெண் ஒருவர். மூன்றாவது சீட்டு நேற்றுக் குத்தியது: டர்னர், பழைய லேத்தில் பழக்கமுள்ளவர், வயது தடையில்லை.